சாவு வீட்டில் அடுப்பு மூட்டியவள்

பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. என் அம்மாவுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தானாக வந்து ஒட்டிக்கொள்கிற அறிவு அது. பக்கத்து வீட்டில் ஒரு உயிர் போய்விட்டால் நம் வீட்டு உலையையும் இறக்கி வைத்துவிடுவோம். பிள்ளை பசி என்று அழுதால் முந்தானைக்குள் மறைத்து ஒரு வாழைப்பழம் கொடுப்போம். தென்காசியில் நான் குடியிருந்த வளவில் ஒரு மருமகளுக்கு அந்த அறிவு ஒட்டவில்லை. அதனால் அவள் வாழ்க்கை போயிற்று.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு ரயிலடியில் வேலை. வளவு என்றால் ஒரே வாசலுக்குள், நடுவில் முற்றம் விட்டு, சுற்றிலும் குச்சுக் குச்சாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் எதிர் வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். பலசரக்குக் கடைப் பொட்டலத் தாளைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். எனக்கு ஆஸ்தி என்றால் ஜனங்கள் வாயிலிருந்து விழுகிற சொலவடைகள்தான். ஒருத்தி திட்டினால்கூட, திட்டு யாருக்கு என்று பார்க்க மாட்டேன். அதில் புதுசாக ஒரு வசனம் இருந்தால் எடுத்து மடியில் முடிந்துகொள்வேன்.

அப்படி முடிந்துகொள்ள எங்கள் வளவில் வற்றாத ஊற்று எதிர் வீட்டு மாமியார்க்காரிதான். அந்த ஆச்சி திட்டினால் பச்சை மரம் பட்டுப்போகும் என்று தெருவில் பேச்சு. புருஷன் செத்து வெகு காலம். ஒரு மகள், அவளைக் குத்துக்கல்வலசையில் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரு மகன், ரயிலடிக்கும் குற்றாலத்துக்கும் வில்வண்டி ஓட்டுகிறவன். வாயில்லாப் பூச்சி. அவனுக்கு ஆய்க்குடியிலிருந்து பெண் எடுத்தார்கள். மாட்டுத் தரகர் மகள். தரகர் செத்துப்போய், அண்ணன் தலையெடுத்துச் செய்துவைத்த கல்யாணம்.

வந்த மறுநாளே வளவுப் பெண்கள் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டோம். புதுப்பெண்ணைக் கேலி செய்யாவிட்டால் நமக்கு மோர் ஜீரணமாகாதே. ஒருத்தி, ராத்திரி தூங்கினாயா என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினாள். ‘இல்ல, மூட்டைப்பூச்சி’ என்றாள் பெண். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. ஆளுக்கு ஆள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்ததும், ‘ஒங்களுக்கு ரெட்டைச் சுழி’ என்றாள்.

பிறகுதான் தெரிந்தது. அவளுக்குச் சுழிகள் மேல் அப்படி ஒரு கிறுக்கு. மாட்டு உடம்பில் மயிர் சுழித்திருப்பதை வைத்து நல்லது கெட்டது பார்ப்பார்கள் அல்லவா, அந்தச் சுழிகள். ஏறுபூரான், இறங்குபூரான் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். கேட்கிறவள் கொட்டாவி விட்டாலும், எழுந்து போய் இலை பொறுக்கிவிட்டு வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். மற்ற விஷயம் எதைக் கேட்டாலும் ஒரு சொல், இரண்டு சொல். யாராவது தோளில் கை போட்டால் நெருப்புப் பட்டது போல விலகுவாள். கொட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குள் போய்விடுவாள். ‘ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்’ என்று நான் சொன்னதற்கு, ‘எங்க அய்யா காலத்துலகூட எங்க வீட்டு அம்மி பறக்கலக்கா’ என்று கவலையோடு பதில் சொன்னவள்.

மாமியார்க்காரி முதல் மாதம் திட்டித் தீர்த்தாள். தண்ணீர் கொண்டுவா என்றால் மருமகள் ஒரு செம்பு கொண்டுவந்து நீட்டுவாள். குடம் நிரம்ப வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஆச்சிக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது.

“ஏட்டி, ஒனக்கு ஒவ்வொண்ணும் சொன்னாத்தான் வெளங்குமா?”

“ஆமா அத்தை. சொன்னாத்தான் வெளங்கும்.”

எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை. மழை பெய்யுதா என்று கேட்டால் ஆமாம் என்பது போல. ஆச்சி வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். நான் அந்த வளவில் இருந்த காலத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாளிலிருந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அன்றைய வேலை முழுவதையும் சொல்லிவிடுவாள். வாசல் தெளி, மாட்டுக்குத் தண்ணி காட்டு, முற்றத்தில் வெயில் வருமுன் கஞ்சி வைத்து இறக்கிவிடு, இன்னார் வந்தால் வாங்க என்று சொல், சொன்ன பிறகு மோர் கொடு. மருமகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வாள். சொன்னது ஒன்று பிசகாது. ஊரெல்லாம் கொடுமைக்காரி என்று சொன்ன அந்த மாமியாரிடம்தான் அவள் நிம்மதியாக இருந்தாள். ஜாடை, முறைப்பு, குத்தல் எதுவும் கிடையாது. வேண்டியது என்னவோ அது வாயில் வந்துவிடும். இப்படி ஒரு மாமியார் நமக்கு வாய்த்தால் நாம் கிணற்றில் விழுவோம். அவளுக்கு அது கிணற்றிலிருந்து தூக்கிவிடுகிற கயிறாக இருந்தது.

ஒரு சாரல் காலத்தில், ‘இவளையும் அருவிக்குக் கூட்டிட்டுப் போ தாயி, ஒரே புழுக்கம் இவளுக்கு’ என்று ஆச்சியே என்னிடம் சொன்னாள். வண்டியில் போனோம். குற்றாலத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவர்களும், ஈரச் சேலையும், தூறலுமாக நடக்க இடமில்லை. யாராவது இடித்தால் இவள் சுருண்டுவிடுவாளே என்று எனக்குப் பயம். அவளோ பெண்கள் பக்கம் நேராகப் போய், எல்லாரும் அஞ்சி ஒதுங்குகிற இடத்தில், தண்ணீர் தடியால் அடிக்கிற மாதிரி விழுகிற இடத்தில் போய் நின்றாள். பாறையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முதுகைக் கொடுத்து நின்றாள். அந்த இரைச்சலில் யாரும் யாரிடமும் பேச முடியாது. பேச வேண்டியதும் இல்லை. நான் கை காட்டிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனேன். வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த இறுக்கம் முழுக்கக் கழுவிப்போயிருந்தது. ‘இங்கனயே இருந்துரலாம்போல இருக்குக்கா’ என்றாள். அவள் தனக்கு இது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் வந்தது அந்த மாடு. நாத்தனார்க்காரியின் புருஷன் புதிதாக ஒரு மாடு பிடித்திருந்தான். அதற்குக் குங்குமம் வைத்து, அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று குத்துக்கல்வலசையிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்துவிட்டாள் நாத்தனார். வளவே கூடி, லட்சணம், லட்சணம் என்றது. மருமகள் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்புறம் எல்லார் முன்னாலும் சொன்னாள்: ‘மதினி, இதுக்குப் பாடைச்சுழி இருக்கு. வீட்டுல சாவு விழும்பாவ.’

நாத்தனாரின் முகம் கறுத்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், சொன்னவள் பார்க்கவில்லை. அவள் சுழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார்க்காரி கட்டிலில் இருந்தபடியே, ‘மாட்டைப் பத்திக் கேட்டாத்தான் சொல்லணும், கேக்காமச் சொல்லப்படாது’ என்று ஒரு சட்டம் போட்டாள். சரி அத்தை என்றாள். அன்றிலிருந்து யாரும் கேட்காமல் அவள் சுழிப் பேச்சு எடுத்ததில்லை. ஆனால் நாத்தனாரின் நெஞ்சில் அந்தச் சொல் விழுந்த இடத்தில் முளைவிட்டு நின்றது.

ஆச்சி படுக்கையில் விழுந்தாள். வயிற்றில் ஏதோ கட்டி. கடைசிக் காலத்தில் மலமும் மூத்திரமும் படுக்கையில்தான். எல்லாம் எடுத்தவள் மருமகள். முகம் சுளிக்க மாட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். ஆச்சி படுத்துக்கொண்டே, புரட்டு என்பாள், புரட்டுவாள். தண்ணி என்பாள், கொடுப்பாள். குரல் தேய்ந்து போன பிறகும் காலையில் அந்த நாளின் வேலை மட்டும் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. வைகாசியில் ஒரு விடியற்காலம் உயிர் அடங்கியது.

மகன் அக்காளுக்குச் சொல்ல வண்டியைக் கட்டிக்கொண்டு ஓடினான். நாங்கள் ஆச்சியைக் குளிப்பாட்டிப் பட்டாசலில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், தெற்கே தலைவைத்துக் கிடத்தினோம். பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தோம். மருமகள் ஒரு மூலையில் நின்றாள். கண் வறண்டு கிடந்தது. தன்னைக் கட்டிக்கொள்ள வந்தவர்களிடமிருந்து நழுவி நழுவிச் சுவரோடு ஒட்டினாள். நாத்தனார் வந்தாள். தெருமுனையிலேயே தலையை விரித்துப்போட்டு, ‘என்னைப் பெத்த தாயே’ என்று இரண்டு கையையும் விரித்து ஓடிவந்து தம்பி பெண்டாட்டியைக் கட்டிக்கொள்ளப் போனாள். அதுதானே முறை. இவள் ஒதுங்கிக்கொண்டாள். நாத்தனார் பிடிமானமில்லாமல் தடுமாறிக் கதவில் மோதினாள்.

அந்தக் களேபரத்தில் மருமகள் எங்கே போனாள் என்று நான் கவனிக்கவில்லை. சற்று நேரம் கழித்து என் மூக்குக்கு முதலில் தட்டியது. அரிசி வேகிற மணம். நான் அடுக்களைக்குள் ஓடினேன். ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். உலை தளதளவென்று கொதித்தது.

“என்னட்டி செய்யுத?”

“கஞ்சி வைக்கேன்க்கா. முத்தத்துல வெயில் வந்துட்டுல்லா.”

நான் செம்புத் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினேன். அதுதான் வினையாகப் போயிற்று. சுர்ரென்று சத்தமும் புகையும் பட்டாசல்வரை போய்விட்டது. ஒப்பாரி பட்டென்று நின்றது. நாத்தனார் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு தெருவே நின்றது.

“எங்க அம்மை அங்கன கட்டையாக் கெடக்கா. ஒனக்கு இப்பமே கஞ்சி கேக்குதோ?”

“ஆமா மதினி. பசிக்கு.”

கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சொன்னாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கிணற்றடியில் வேறு பேச்சே இல்லை. ‘மாமியார் செத்து ஆறாம் மாசம் மருமக கண்ணுல தண்ணி வந்துச்சாம்’ என்பது சொலவடை. ‘இவளுக்கு ஆறு வருசம் ஆகும்லா’ என்று ஒருத்தி அதற்கு ஒட்டுப் போட்டாள். பாடைச்சுழிக் கதையும் வெளியே வந்தது. பாடை என்று வாயால் சொன்னாள், வீட்டுக்குப் பாடை வந்துவிட்டது என்று நாத்தனார் ஒவ்வொரு வாசலாகச் சொன்னாள்.

நான் வேறொன்றைப் பார்த்தேன். எதிர் வீடல்லவா, என் கண்ணில் தினமும் பட்டது. ஆச்சியின் கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விடிந்ததும் மருமகள் அந்தக் கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். எப்போதும் நிற்கிற அதே இடம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வெகுநேரம் நிற்பாள். பிறகு செம்பை எடுப்பாள், வைப்பாள். தெளித்த வாசலையே மறுபடி தெளிப்பாள். கையும் காலும் எங்கே போவதென்று தெரியாமல் அல்லாடும். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தால்தான் துக்கம் என்று எழுதிவைத்தவர்களுக்கு அதை எப்படிக் காட்டுவது?

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பெரியவர்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் இந்த வீட்டில் விளக்கேற்றக் கூடாது, இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றாள் நாத்தனார். ஆய்க்குடி அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். புருஷன் தூணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பெண்பிள்ளை சபையில் பேசக் கூடாதுதான். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கட்டிப் பிடித்து அழுதீர்களே எல்லாரும், ஆச்சி படுக்கையில் கிடந்தபோது எங்கே போனீர்கள், துணி கசக்கினவள் இவள்தானே என்று கேட்டேன். யாரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மூத்தவர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்.

“நீ சொல்லுதது வாஸ்தவந்தான் தாயி. ஆனா ஊர் வாய மூட ஒலைமூடி உண்டா?”

நான் ஆசை ஆசையாகப் பொறுக்கிச் சேர்த்த சரக்கில் அதுவும் ஒன்று. எத்தனையோ தடவை நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அது கல்லாக வந்து விழுந்தது. ஒரு சொலவடையை மறுத்துப் பேச நம் பாஷையில் வழி கிடையாது. அதைச் சொன்ன கணமே பேச்சு முடிந்துவிடும்.

ஆனாலும் அந்தப் பெரியவர் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். மதினி காலில் விழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிடட்டும், பார்க்கலாம் என்றார். நான் அவள் காதருகே போய், விழு, விழுந்து தப்பு என்று சொல்லிவிடு என்றேன். அவள் விழுந்தாள். எழுந்தாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு நாத்தனாரின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக, முழு மனசோடு சொன்னாள்.

“தப்புதான் மதினி. அடுத்த தடவை மூட்ட மாட்டேன்.”

 அடுத்த தடவையா என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். நாத்தனார் தன் தம்பியைப் பார்த்தாள். இந்த வீட்டில் இனி அடுத்ததாகச் சாக யார் இருக்கிறார்கள்? சபை எழுந்துவிட்டது. நல்ல பிள்ளையாக, கற்றுக்கொண்டேன் என்று அவள் சொன்னதுதான் அது. அதை அப்படிக் கேட்க அந்த முற்றத்தில் என் இரண்டு காதைத் தவிர வேறு காது இல்லை.

அண்ணன் வண்டியில் அவளை ஏற்றியபோது புருஷன் பக்கத்தில் வந்து, ‘சாரல் முடியட்டும், ஆவணியில வண்டி கட்டிட்டு வந்து கூப்பிடுதேன்’ என்றான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். சங்கடமே இல்லை அவளுக்கு. சொல்லிவிட்டார்களே.

ஆவணியில் அவன் வண்டி கட்டிக்கொண்டுதான் போனான். மேலப்பாவூர்ப் பக்கம், வேறு பெண்ணைக் கட்ட. முதல் பெண்டாட்டி இருக்கையிலேயே இன்னொருத்தியைக் கட்டுவதற்கு அப்போது எந்தத் தடையும் இல்லை. புதியவள் எதிர் வீட்டுக்கு வந்தாள். நன்றாகச் சிரிப்பாள், நேரம் பார்த்து அழுவாள். நல்ல பெண்தான். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஆஸ்பெர்ஜர் என்று ஒரு பேர் சொன்னார். பிறவியிலேயே அவர்கள் அப்படித்தானாம். நாம் சொல்லாமலே புரிந்துகொள்வதை அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமாம். பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பேர் வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை.

அவன் மறு கல்யாணம் செய்த அந்த வருஷமே, புரட்டாசியில் ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போகிற சாக்கில் அவளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டிலை ஒட்டி அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள். இளைத்திருந்தாள். வாங்க என்றாள், சொல்லிவிட்டு மோர் கொண்டுவந்தாள். பக்கத்தில் ஒரு துணிமூட்டை, கட்டியது கட்டியபடி இருந்தது.

“ஆவணி போயிட்டேக்கா. அவ்வொ ஏன் வரல? வண்டிக்கு அச்சு முறிஞ்சுட்டா?”

அந்த வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.  சுற்றி வளைத்துச் சொன்னால் அவளுக்கு விளங்காது. அதனால் ஆச்சி சொல்வது போலவே நேராகச் சொன்னேன். அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். வர மாட்டான். உன்னிடம் சொன்னது பொய்.

அவள் என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

“பொய்ய எதுக்குச் சொல்லணும்?”

“நீ அழுவேன்னு நினைச்சிருப்பான் தாயி. அழக் கூடாதுன்னு சொல்லியிருப்பான்.”

“அழலன்னுதான என்னைய அனுப்புனாவ?”

கோபமில்லை அந்தக் குரலில். கணக்கு ஒத்துவராத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். பதிலுக்காகக் காத்தும் இருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். எப்போதும் ஏதாவது சொல்கிறவள்தானே நான்.  கொட்டிலில் மாடு தலையை ஆட்டி மணியைக் கிலுக்கியது. அவள், ‘அப்ப இனி எனக்கு என்னக்கா வேலை?’ என்று கேட்டாள்.

 வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் பெண்டாட்டி, சாணி இன்னும் அள்ளவில்லையா என்று சத்தம் போட்டாள். அவள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனாள். நான் மோரைக் குடித்து முடித்துச் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நேரமாகியும் அவள் திரும்பி வரவில்லை. எனக்குத் தென்காசி வண்டி இருந்தது.